மின் இதழ்க் கட்டுரை பக்கத்து நூலகத்துக்கு ஏன் வருவதில்லை?

கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று தேடத் தொடங்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்களுக்கு முதல் படி அவ்வளவு கடினமில்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி, 1911இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும் வரை 1,52,184 பேர் டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதிவைத்த பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பொறுமை இருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

அடுத்த படியில்தான் மாட்டிக்கொள்கிறோம். அந்தத் தோட்டத்தில் கூலி எப்படிக் கொடுத்தார்கள், ஒப்பந்தம் முடிந்தவர்கள் எங்கே போனார்கள், முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள்மீது போட்ட 3 பவுண்டு வரி ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதெல்லாம் ஆராய்ச்சி இதழ்களில் கட்டுரைகளாக இருக்கிறது. அவற்றில் பல, வெளிநாட்டுப் பதிப்பாளர்களின் தளங்களில், பணம் கட்டினால்தான் திறக்கும். நம் பகுதி நூலகங்களில் அந்த இதழ்களுக்குச் சந்தா கிடையாது. பல்கலைக்கழக நூலகத்தில் உண்டு. சரி, அங்கிருந்து இரவலாக வரவழைக்கலாமே?

எங்கள் தமிழ் வகுப்பில் பேத்தியோடு வந்து உட்காரும் ஒரு பெரியம்மா அப்படித்தான் கேட்டுப் பார்த்தார். நூலகத்தில் இருந்த பையன் நல்லவன், சிரத்தையாகத் தேடினான். கடைசியில் வந்த பதில் இதுதான்: “அச்சு இதழாக இருந்தால் அனுப்பியிருப்பார்களாம், ஆன்ட்டி. இது மின் இதழ். லைசென்ஸ் விடாதாம்.”

அந்த ‘விடாது’ எங்கிருந்து வருகிறது? பலரும் அது காப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் சட்டத்துக்கு இதில் சம்பந்தமே இருக்காது. நூலகமும் பதிப்பாளரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நடுவே எங்கோ இருக்கும் ஒரு வரி அதைத் தீர்மானிக்கிறது. வாசகர் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. நூலகர்களிலும் எல்லோரும் பார்ப்பதில்லை.

முதலில் பழைய முறை. ஒரு நூலகத்தில் இல்லாத புத்தகத்தை இன்னொரு நூலகத்திலிருந்து தருவித்துக் கொடுப்பது தென்னாப்பிரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் காரியம். பிரிட்டோரியாவில் இருந்த ஸ்டேட் லைப்ரரி அதற்கு மையமாக இருந்தது. 1999இல் அதுவும் கேப்டவுனின் பழைய நூலகமும் ஒன்றாகித் தேசிய நூலகம் ஆயின. எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை ஒரே பட்டியலில் பார்க்க உதவும் சாபினெட் வலையமைப்பு 1983இல் வந்தது. டர்பனில் கேட்டால் ஸ்டெல்லன்போஷிலிருந்து புத்தகம் பார்சலில் வரும், படித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கட்டுரை மட்டும் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் வரும், அதைத் திருப்ப வேண்டியதில்லை.

இதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் காப்புரிமைச் சட்டமும் அதே ஆண்டு வந்த விதிமுறைகளும், ஒரு நூலகம் இன்னொரு நூலகத்தின் வாசகருக்காக ஒரு கட்டுரையை ஒரு நகல் எடுத்துத் தரலாம் என்கின்றன. முக்கியமான நிபந்தனை, சந்தா கட்டாமல் தப்பிப்பதற்கு இதையே வழியாக்கிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் இதே கவலைக்கு 1970களிலேயே எண்ணிக்கையோடு ஒரு வழிகாட்டுதல் வகுத்தார்கள். ஒரு இதழின் கடைசி 5 ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளில், கேட்கும் நூலகம் ஒரு வருடத்துக்கு 5 நகல் வரை வாங்கலாம்; அதற்கு மேல் தேவைப்பட்டால் சந்தா கட்டுவதே நியாயம். அது சட்டம் இல்லை, வழிகாட்டுதல்தான். ஆனாலும் இன்று அமெரிக்கப் பதிப்பாளர்கள் தரும் ஒப்பந்தங்களில் அந்தக் கணக்கு அடிக்கடி தலைகாட்டும்.

அச்சு இதழை நூலகம் காசு கொடுத்து வாங்கியது. வாங்கிய பொருள் அலமாரியில் இருந்தது. அதை இரவல் கொடுப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மின் இதழை நூலகம் வாங்குவதில்லை. பதிப்பாளரின் கணினியில் இருக்கும் கோப்பைத் திறந்து பார்க்கும் அனுமதிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது. சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். வாடகை வீட்டில் உள்வாடகைக்கு ஆள் வைக்கலாமா என்பதை வாடகைப் பத்திரம் சொல்லும். இரவல் கொடுக்கலாமா என்பதை உரிம ஒப்பந்தம் சொல்லும்.

அந்த ஒப்பந்தத்தில் என்னதான் இருக்கிறது? முதலில் யார் படிக்கலாம் என்ற வரையறை. மாணவர், ஆசிரியர், ஊழியர், அப்புறம் பல ஒப்பந்தங்களில் நூலகத்துக்குள் நேரில் நடந்து வருபவர். இந்தக் கடைசி வகை நம் மக்களுக்கு மிக முக்கியம், அதைப் பின்னால் சொல்கிறேன். அடுத்து என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல்: திரையில் படிக்கலாம், தன் உபயோகத்துக்குத் தரவிறக்கலாம், அச்சிடலாம். அதற்குப் பிறகுதான் நூலகங்களுக்கு இடையிலான இரவல் பற்றிய பத்தி வரும். சில ஒப்பந்தங்களில் அந்தப் பத்தியே இருக்காது. அப்படி எதுவும் சொல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, சொல்லாததால் தடை என்று பயந்து நூலகம் கையைக் கட்டிக்கொள்கிறது. கொஞ்சம் தைரியம் வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம். ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் சட்டம் தரும் அனுமதி அப்படியே இருக்கிறது என்று வாதாட நல்ல இடம் உண்டு.

பத்தி இருக்கும் ஒப்பந்தங்களில் பலகாலமாக வந்துகொண்டிருக்கும் ஒரு வாசகத்தின் சாரம் இது: உரிமம் பெற்ற நூலகம், அதே நாட்டில் உள்ள, வணிக நோக்கமில்லாத வேறொரு நூலகம் கேட்டால், ஒரு கட்டுரையின் ஒற்றை நகலை அச்சிட்டு, தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்பலாம்; மின்னணுக் கோப்பை அப்படியே அனுப்பலாகாது. கொஞ்சம் தாராளமான வகையில், அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்பலாம் என்று சேர்த்திருப்பார்கள்.

இது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கட்டுரை பிடிஎஃப் கோப்பாக நூலகரின் திரையில் இருக்கிறது. அவர் அதை அச்சு எந்திரத்துக்கு அனுப்புகிறார். 24 தாள் வெளியே வருகிறது. தாள்களைத் தட்டி நேராக்கி, ஸ்கேனரில் வைத்து, மறுபடியும் பிடிஎஃப் ஆக்குகிறார். எழுத்து கொஞ்சம் மங்கும், வரைபடம் கறுத்துப்போகும், சொல் தேடும் வசதி போய்விடும், பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது வெறும் படம். இந்தக் கோப்பைத்தான் அடுத்த நூலகத்துக்கு அனுப்புகிறார். அங்கே அவர்கள் அதை அச்சிட்டு வாசகரிடம் தாளாகக் கொடுத்துவிட்டுக் கோப்பை அழிக்க வேண்டும் என்றும் சில ஒப்பந்தங்கள் சொல்லும். தாள், மை, ஒரு ஊழியரின் அரை மணி நேரம், எல்லாம் செலவாகிக் கடைசியில் கிடைப்பது முதலில் இருந்ததைவிட மோசமான பிரதி.

2020 மார்ச் 26 நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து நூலகங்கள் பூட்டப்பட்டபோது இதன் முழு விளைவும் வெளிப்பட்டது. மின் இதழ் என்பது வீட்டிலிருந்தே அனுப்பக்கூடிய ஒன்று. ஆனால் அச்சிட்டு ஸ்கேன் செய்ய வேண்டும் என்ற வரி இருக்கும் இதழுக்கு, பூட்டிய கட்டடத்துக்குள் ஒருவர் ஜெராக்ஸ் எந்திரத்தின் அருகே நின்றாக வேண்டும்.

பதிப்பாளர்கள் ஏன் இப்படிக் கேட்டார்கள்? அவர்கள் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். தாள் நகல் ஒன்று போனால் ஒன்றுதான். சுத்தமான கோப்பு ஒன்று போனால் அது ஒரு வகுப்புக்கே, ஒரு நாட்டுக்கே பரவலாம். பத்து நூலகங்கள் கூடிப் பேசி, நீ இந்த இதழ், நான் அந்த இதழ் என்று சந்தாவைப் பங்கிட்டுக்கொண்டால் சின்னப் பதிப்பாளர் தாங்கமாட்டார் என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் அந்தக் கவலைகளுக்கு மருந்து தாளில் இல்லை. யார் கேட்டார்கள், எத்தனை முறை கேட்டார்கள் என்று கணக்கு வைப்பதிலும், சில நாளில் காலாவதியாகிவிடும் இணைப்பாகக் கோப்பைக் கொடுப்பதிலும் இருக்கிறது. இரண்டுமே இன்று இரவல் மென்பொருள்களில் சாதாரண வசதிகள்.

விட்டுக்கொடுத்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1997 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் வெள்ளம் புகுந்து, இதழ்த் தொகுப்புகள் ஏராளமாக நாசமாயின. மற்ற நூலகங்களிடமிருந்து கட்டுரைகளை அவசரமாக வரவழைப்பதற்காக அவர்கள் உருவாக்கிய ஏற்பாடுதான் பிறகு ராபிட் ஐ.எல்.எல். என்ற பெரிய வலையமைப்பாக வளர்ந்தது. எந்த நூலகத்தில் எந்த ஆண்டின் எந்த இதழ் இருக்கிறது, அதன் உரிமம் இரவலுக்கு இடம் தருகிறதா என்பதைக் கணினியே பார்த்து, கொடுக்கக்கூடிய இடத்துக்கு வேண்டுகோளைத் தள்ளிவிடும். உரிமத் தகவலைக் கணினிக்குப் புரியும்படி ஏற்றிவைத்திருந்தால் போதும். அதை ஏற்றிவைக்காததாலேயே, கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் அனுமதிக்கும் இதழ்களுக்கும் கொடுக்க முடியாது என்ற பதில் போகிறது.

முன்பு சொன்ன ஒப்பந்த வாசகத்தில் வரும் “அதே நாட்டில்” என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். நம்மைப் போலக் கடல் கடந்த மக்களுக்கு அது பெரிய அடி. நேட்டால் தமிழரைப் பற்றி எழுதுபவர்கள் டர்பனில் மட்டும் இல்லை. மொரிஷியஸ், மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் என்று பரவியிருக்கிறார்கள். ஒப்பந்தக் கூலி முறையை ஒப்பிட்டுப் படிக்க வேண்டுமானால் இந்த நாடுகளின் நூலகங்களிலிருந்து தருவித்தாக வேண்டும். முன்பு அதற்கு நம்பகமான ஒரு கதவு இருந்தது. இங்கிலாந்தின் பாஸ்டன் ஸ்பா என்ற ஊரிலிருந்து பிரிட்டிஷ் லைப்ரரி உலகம் முழுவதற்கும் கட்டுரை நகல்களை அனுப்பிவந்தது. 2012 முதல் வெளிநாட்டு நூலகங்களுக்கான அந்தச் சேவையைச் சட்ட விதிவிலக்கின் கீழ் நடத்தாமல், பதிப்பாளர்களோடு செய்துகொண்ட உரிமத்தின் கீழ் மாற்றியது. உரிமம் கொடுத்த இதழ் மட்டும் போகும், மற்றது போகாது. 2016இல் அந்த ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். சட்டத்தின் இடத்தில் ஒப்பந்தம் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மின்புத்தகத்தின் நிலை இன்னும் மோசம். கட்டுரைக்காவது ஒரு பத்தி ஒதுக்குகிறார்கள். முழுப் புத்தகத்தை இன்னொரு நூலகத்துக்கு இரவல் கொடுக்கப் பெரும்பாலான உரிமங்கள் இடமே தருவதில்லை. அமெரிக்காவில் டெக்சஸ் டெக், ஹவாய் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து ஆக்கம்ஸ் ரீடர் என்ற மென்பொருளை உருவாக்கி, 2014இல் ஸ்பிரிங்கர் நிறுவனத்தின் சம்மதத்தோடு மின்புத்தக இரவலைச் சோதித்துப் பார்த்தன. மென்பொருள் ஒரு பக்கம் தயாராக இருந்தாலும், பதிப்பாளர் ஒவ்வொருவராகச் சம்மதிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் மின்புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கோயில் பள்ளிகளும் தமிழ்ச் சங்கங்களும் சின்னச் சின்ன நூலகம் வைத்திருக்கின்றன. சென்னையிலிருந்து புத்தகம் வரவழைத்தால் விலையைவிடத் தபால் செலவு கூடிவிடுகிறது. மின்புத்தகம்தான் வழி என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் கிண்டில் போன்ற கடைகளில் விற்பது தனி ஆளுக்கான உரிமம். சங்கம் வாங்கிப் பத்துப் பேருக்கு இரவல் கொடுக்க முடியாது. தமிழ்ப் பதிப்பாளர்கள் நூலகத்துக்கென்று தனியாக, நியாயமான விலையில், ஒரு பிரதிக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்ற கணக்கிலாவது ஒரு உரிமம் கொடுத்தால், டர்பனிலும் ரியூனியனிலும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. இதை நான் மனப்பூர்வமாகக் கேட்கிறேன்.

சரி, தென்னாப்பிரிக்கச் சட்டம் இதில் என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். நாடாளுமன்றத்தில் 2017இல் வந்த காப்புரிமைத் திருத்த மசோதாவில் 19சி என்றொரு பிரிவு இருக்கிறது. முறையாகப் பெற்ற மின்னணுப் படைப்பை ஒரு நூலகம் தன் வாசகருக்கோ வேறொரு நூலகத்துக்கோ தற்காலிகமாகப் படிக்கத் தரலாம் என்கிறது அது. அதைவிட முக்கியம் 39பி. சட்டம் அனுமதிக்கும் ஒரு செயலை ஒப்பந்தத்தின் ஒரு வரி தடுத்தால், அந்த வரி செல்லாது. அச்சிட்டு ஸ்கேன் செய் என்ற வரியும் அதே நாட்டில் என்ற வரியும் இந்த ஒரு பிரிவின் முன்னால் பலவீனமாகிவிடும். இது யாரும் கேள்விப்படாத புரட்சியும் இல்லை. பிரிட்டன் 2014இலேயே, நூலகம் நூலகத்துக்கு ஒற்றை நகல் கொடுப்பதை ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது என்று தன் சட்டத்தில் எழுதிவிட்டது.

மசோதாவின் பாதைதான் நீளமாகிவிட்டது. 2019இல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றி முடித்தது. 2020 ஜூனில் அதிபர் ரமபோசா அரசியலமைப்புச் சந்தேகங்களைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். திருத்தங்களோடு 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் அதை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இதற்கிடையே, பார்வையற்றோர் அமைப்பான பிளைண்ட் எஸ்.ஏ. தொடுத்த வழக்கில் 2022 செப்டம்பரில் அதே நீதிமன்றம், உரிமையாளரின் அனுமதி இல்லாமலே அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் நகல் எடுக்க வழிவிடும் ஏற்பாடு சட்டத்தில் இருப்பதாகவே படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சாராருக்கு நீதிமன்றம் போய்த்தான் கதவு திறந்தது.

மசோதாவைப் பற்றிய விவாதம் முழுக்க எழுத்தாளர், நடிகர், இசைக்கலைஞர் வருமானத்தைச் சுற்றியே நடக்கிறது. அவர்கள் கவலை உண்மையானது, அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவருக்குப் பதிப்பாளர் பொதுவாகச் சல்லிக்காசு தருவதில்லை. சம்பளம் பல்கலைக்கழகத்தில், அதாவது பெரும்பாலும் நம் வரிப்பணத்தில். அந்தக் கட்டுரை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒருவர் கைக்கு வந்தால் எழுதியவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவர் சந்தோஷப்படுவார். இந்த இரண்டு விஷயங்களையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால் நூலகத்தின் குரல் எடுபடாமல் போகிறது.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நாட்டின் 26 அரசுப் பல்கலைக்கழகங்களும் சில ஆராய்ச்சி நிறுவனங்களும் சேர்ந்து சான்லிக் என்ற கூட்டமைப்பின் வழியாகப் பதிப்பாளர்களோடு பேரம் பேசுகின்றன. ராண்டில் பட்ஜெட், டாலரிலும் யூரோவிலும் பில்; 2014 முதல் வெளிநாட்டு மின் சேவைகளுக்கு வாட் வரி வேறு. அதனால் பேரத்தில் விலைதான் மேசை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது, இரவல் பத்தி கடைசி நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. விலையைக் குறைக்க மறுக்கும் பதிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டிய பொருள் அதுதான். அவருக்கு அதில் பெரிய செலவு இல்லை. “பாதுகாப்பான மின்னணு முறையில் அனுப்பலாம்” என்று ஒரே வரி மாறினால் போதும். அண்மை ஆண்டுகளில் சான்லிக் சில பெரிய பதிப்பாளர்களோடு செய்துகொண்ட புதுவகை ஒப்பந்தங்களில், உறுப்புப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதும் கட்டுரைகள் உலகம் முழுவதும் இலவசமாகத் திறந்திருக்கும். நல்ல காரியம். ஆனாலும் 1985இல் வந்த கட்டுரையை அது திறக்காது, லண்டனில் இருப்பவர் எழுதியதையும் திறக்காது. நம் வரலாற்றில் பாதி அந்தப் பழைய இதழ்களில் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு என்ன சொன்னோம் என்றால், முதலில் நேரில் போகச் சொன்னோம். ஒப்பந்தத்தில் ‘நடந்து வருபவர்’ இருக்கிறதா என்று பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். இருந்தால் அங்குள்ள கணினியில் உட்கார்ந்து படிக்கலாம், மாணவராக இருக்க வேண்டியதில்லை. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில், தென்னாப்பிரிக்க இந்தியர் வரலாற்று ஆவணங்களைச் சேர்த்துவைத்திருக்கும் காந்தி-லுதுலி ஆவண மையமும் இருப்பதால் ஒரே பயணத்தில் இரண்டு வேலை முடியும். அடுத்து, கட்டுரையின் பெயரைப் போட்டு எழுதியவரின் பல்கலைக்கழகம் தன் ஆட்களின் கட்டுரைகளை இலவசமாகப் படிக்க வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தில் தேடுங்கள். தேசிய ஆராய்ச்சி நிதியம் 2015இலேயே, தன் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின், இதழ் ஏற்றுக்கொண்ட கைப்பிரதியை 12 மாதத்துக்குள் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அங்கேயும் இல்லையென்றால் எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல். பேராசிரியருக்கு எப்படி எழுதுவது என்று கூச்சப்படுகிறார்கள், தேவையில்லை.

பழைய தமிழ் மூலங்களுக்கு யார் உரிமமும் வேண்டாம். 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையின் இதழ்கள் காந்தி பாரம்பரியத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் அதில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம், ஈழத்தவரின் நூலகம் திட்டம் ஆகியவையும் அப்படியே. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களை யார் வேண்டுமானாலும் பதிக்கலாம், அனுப்பலாம். இன்னொரு நுணுக்கம்: இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை, தென்னாப்பிரிக்காவில் 50. 1968இல் காலமானவரின் நூல் அங்கே 2028 முடியும்வரை பூட்டியிருக்கும், இங்கே 2019லிருந்தே திறந்துவிட்டது. நம் சங்க நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ள இதுவே போதுமான இடம்.

பெரியம்மா நேரில் போவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னொன்றும் இருந்தது. இரவல் வேண்டுகோளை மறுத்தபோது, ஒப்பந்தத்தின் எந்த வரி தடுக்கிறது என்று எழுத்தில் கேட்கச் சொன்னோம். பதில் வந்தது. அந்தப் பதிப்பாளரின் ஒப்பந்தம், அச்சிட்டு ஸ்கேன் செய்து அனுப்புவதை அனுமதித்திருக்கிறது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. 31 பக்கக் கட்டுரை அடுத்த வாரம் பகுதி நூலகத்துக்கு வந்தது. அடிக்குறிப்பு எழுத்துதான் கொஞ்சம் மங்கல்.